பூச்செடி ரகங்களுக்குப் பெயரிடுதலும் பதிவு செய்தலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுத் தோட்டத்தில் கலப்புச் செய்து பார்ப்பவர்களும் சிறு நர்சரி நடத்துபவர்களும் புதிய பூச்செடி ஒன்று கையில் கிடைத்தவுடன் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. பெயர் வைப்பது, பெயரைப் பதிவு செய்வது, செடியின் மீது உரிமை பெறுவது, வணிக முத்திரை வாங்குவது ஆகிய நான்கும் தனித்தனிக் காரியங்கள் என்பது பலருக்குத் தெளிவாக இல்லாததால்தான் பாதிக் குழப்பம் எழுகிறது. கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைத் தந்து, எளியவற்றை முன்னும் சிக்கலானவற்றைப் பின்னும் வைத்திருக்கிறேன்.

ரகம் என்பது என்ன? காட்டில் தானாக வளரும் செடி வகையும் ரகமும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. காட்டில் வளரும் சிற்றினம் இயற்கையில் உருவானது. அதற்குத் தாவரவியலாளர்கள் இலத்தீன் பெயர் இடுகிறார்கள். ரகம் என்பது மனிதர் தேர்ந்தெடுத்து, மனிதர் பெருக்கி, மனிதரே காப்பாற்றி வரும் செடிகளின் தொகுதி. குறிப்பிட்ட ஒரு பண்புக்காகவோ பல பண்புகளின் சேர்க்கைக்காகவோ அது தேர்ந்தெடுக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பண்புகளில் அது பிறவற்றிலிருந்து வேறுபட்டும், செடிக்குச் செடி ஒரே மாதிரியாகவும், முறையாகப் பெருக்கும்போது மாறாமலும் இருக்க வேண்டும். வேறுபாடு, சீர்மை, நிலைத்தன்மை என்னும் இந்த மூன்று சொற்களும் பின்வரும் பதில்களில் திரும்பத் திரும்ப வரும்.

இயற்கைச் சிற்றினங்களுக்கு ஒரு விதித்தொகுப்பும், பயிரிடும் ரகங்களுக்கு வேறொரு விதித்தொகுப்பும் இருக்கின்றன. பயிரிடு தாவரங்களுக்கான பன்னாட்டுப் பெயரிடல் விதித்தொகுப்பு முதன்முதலில் 1953இல் வெளிவந்தது. அதன் ஒன்பதாம் பதிப்பு 2016இல் வந்தது. இது எந்த நாட்டின் சட்டமும் அன்று. தோட்டக்கலை உலகம் தனக்குத் தானே வகுத்துக்கொண்ட ஒழுங்கு.

என் தோட்டத்தில் ஒரு ரோஜா மட்டும் இதுவரை பார்க்காத நிறத்தில் பூத்திருக்கிறது. அதைப் புது ரகம் என்று சொல்லிவிடலாமா?

உடனே சொல்லக் கூடாது. முதலில் அது எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். விதையிலிருந்து முளைத்த செடியாக இருந்தால் அது இயல்பாகவே தாய்ச் செடியிலிருந்து வேறுபட்ட தனிச் செடிதான். ஆனால், உலகில் ஏற்கெனவே இருக்கும் ஆயிரக்கணக்கான ரோஜாக்களில் எதனோடும் குழப்பிக்கொள்ள முடியாத அளவுக்கு அது வேறுபட்டிருக்கிறதா என்பது தனிக் கேள்வி. ஏற்கெனவே பெயருள்ள செடியின் ஒரு கிளையில் மட்டும் நிறம் மாறியிருந்தால் அது மொட்டுத் திரிபு. தோட்டக்காரர்கள் இதை ஸ்போர்ட் என்பார்கள். இத்தகைய திரிபுகளிலிருந்து புகழ்பெற்ற ரகங்கள் பல வந்திருக்கின்றன. காகிதப்பூவில் 'மேரி பாமர்' என்னும் ரகம் ஒரே செடியில் வெள்ளை மடல்களையும் கருஞ்சிவப்பு மடல்களையும் தருகிறது. அதன் இலைகளில் மஞ்சள் படர்ந்த திரிபே நம் ஊர் வேலிகளில் பரவலாகக் காணப்படும் 'திம்மா'.

இரண்டு வகையிலும் சோதனை ஒன்றுதான். மாறிய கிளையிலிருந்தோ புதிய செடியிலிருந்தோ போத்துகள் எடுத்து அல்லது ஒட்டுக்கட்டிச் சில செடிகளை வளர்த்து, அவை குறைந்தது இரண்டு மூன்று பருவங்களுக்கு அதே பூவைத் தருகின்றனவா என்று பார்க்க வேண்டும். வெயில், உரம், மண்ணின் கார அமிலத் தன்மை ஆகியவற்றாலும் பூவின் நிறம் மாறும். அவ்வாறு மாறியவை அடுத்த பருவத்திலோ அடுத்த செடியிலோ பழையபடி பூத்துவிடும். 'திம்மா'விலேயே அவ்வப்போது முழுப் பச்சை இலையுடன் ஒரு கிளை கிளம்பித் தாய்ச் செடியாக மாற முயல்வதைப் பார்க்கலாம். அந்தக் கிளையை வெட்டி எறியாவிட்டால் சில ஆண்டுகளில் செடி முழுவதும் பச்சையாகிவிடும்.

பெயரை எங்கே பதிவு செய்வது? எல்லாப் பூவுக்கும் ஒரே அலுவலகமா?

இல்லை. பன்னாட்டுத் தோட்டக்கலை அறிவியல் சங்கம் ஒவ்வொரு பேரினத்துக்கும் (நெருங்கிய உறவுள்ள சிற்றினங்களின் தொகுதி) அல்லது பேரினக் கூட்டத்துக்கும் ஓர் அமைப்பைப் பன்னாட்டு ரகப் பதிவு ஆணையமாக நியமிக்கிறது. ரோஜாவுக்கு அமெரிக்க ரோஜா சங்கம் 1955 முதல் அந்தப் பொறுப்பில் இருக்கிறது. ஆர்க்கிட் கலப்பினங்கள், டாலியா, லில்லி, டஃபோடில், கிளெமாட்டிஸ், ரோடோடென்ட்ரான் முதலியவற்றை இங்கிலாந்தின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் கவனிக்கிறது. அல்லிக்கும் தாமரைக்கும் பன்னாட்டு அல்லி, நீர்த்தோட்டச் சங்கம் பொறுப்பு. காகிதப்பூவுக்கான பன்னாட்டுப் பதிவு நம் நாட்டிலேயே, புது டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்திடம் இருக்கிறது. உலகில் எங்கே புதிய காகிதப்பூ ரகம் உருவானாலும் பெயர் டெல்லிக்குத்தான் வர வேண்டும் என்பது நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி.

தனி ஆணையம் நியமிக்கப்படாத பேரினங்களும் உண்டு. அங்கே பெயரை நிலைநிறுத்தும் வழி, தேதியிட்ட அச்சு வெளியீட்டில், செடியின் விவரிப்போடு சேர்த்து அதை வெளியிடுவது. நர்சரியின் அச்சிட்ட விலைப்பட்டியல்கூட இதற்குப் போதும், அதில் தேதியும் விவரிப்பும் இருந்தால். கூட்டத்தில் அறிவிப்பதும் தொட்டியில் பெயர்ப்பட்டை செருகுவதும் வெளியீடு ஆகா.

பதிவு செய்துவிட்டால் அந்தச் செடியை வேறு யாரும் வளர்க்க முடியாதுதானே?

அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான். பதிவு ஆணையத்தில் நடப்பது பெயரின் பதிவு மட்டுமே. அந்தப் பெயர் அதே பேரினத்தில் இரண்டாம் முறை வழங்கப்படாமல் இருப்பதையும், பெயருக்குரிய செடி எது, யார் உருவாக்கினார், பெற்றோர் யாவை என்ற விவரங்கள் நிலையாகக் குறிக்கப்பட்டிருப்பதையும் அது உறுதி செய்கிறது. செடி உண்மையிலேயே புதியதா என்று ஆணையம் வயலில் நட்டுச் சோதிப்பதில்லை. நீங்கள் தரும் விவரங்களை நம்பியே பதிவு நடக்கிறது. வீட்டு வாசலில் பெயர்ப்பலகை மாட்டுவதற்கும் அந்த மனைக்குப் பட்டா வாங்குவதற்கும் உள்ள வேறுபாடுதான் இங்கேயும்.

பிறர் பெருக்கி விற்பதைத் தடுக்கும் உரிமை வேண்டுமானால் அதற்கு ஒவ்வொரு நாட்டிலும் தனிச் சட்டம் இருக்கிறது. இந்தியச் சட்டத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அப்படியானால் பெயரை மட்டும் பதிவு செய்து என்ன பயன்?

பொழுதுபோக்காகச் செய்பவருக்கு இதுவே பெரும்பாலும் போதுமானது என்பது என் கருத்து. பல ஆணையங்கள் கட்டணமே கேட்பதில்லை. கேட்கும் சில இடங்களிலும் தொகை சிறியது. உருவாக்கியவரின் பெயர் பதிவேட்டில் நிற்கிறது. உங்கள் செடி கைமாறிக் கைமாறி வேறு ஊருக்குப் போய், அங்கே வேறு பெயரில் விற்கப்பட்டாலும், முந்திய பதிவு இருப்பதால் எந்தப் பெயர் சரியானது என்ற வாதத்துக்கு இடமில்லை. பதிவு செய்யாமல் விட்ட நல்ல செடிகள் 'சிவப்பு டபுள்', 'பெங்களூர் ஆரஞ்சு' என்று நர்சரிக்கு நர்சரி ஒரு பெயருடன் அலைவதை நாம் நாள்தோறும் பார்க்கிறோம்.

என் பாட்டியின் பெயரை வைக்கலாமா? பெயர் எப்படி இருக்க வேண்டும் என்று விதி உண்டா?

தாராளமாக வைக்கலாம். உயிரோடு இருப்பவரின் பெயரானால் அவருடைய ஒப்புதலைப் பெறுவது முறை. மறைந்தவரானால் குடும்பத்தாரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. சில ஆணையங்கள் ஒப்புதல் கடிதத்தையும் கேட்கும். கொடைக்கானலில் ரோஜாக்களை உருவாக்கிவரும் வீரராகவன், கிரிஜா இணையர் தங்கள் ரோஜா ஒன்றுக்குத் தாவரவியலாளர் ஜானகி அம்மாளின் பெயரை 'ஈ. கே. ஜானகி அம்மாள்' என்று இட்டிருக்கிறார்கள்.

விதிகளில் முக்கியமானவை சில உண்டு. 1959ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் வெளியிடப்படும் ரகப் பெயர் இலத்தீனில் இருக்கக் கூடாது. வழக்கில் உள்ள ஏதேனும் ஒரு மொழியில் இருக்க வேண்டும். இடைவெளிகளை நீக்கி எண்ணினால் 30 எழுத்துகளுக்கு மேல் போகக் கூடாது. ரகம், கலப்பினம், தேர்வு, தொடர், குழு, ஸ்போர்ட் என்ற பொருள் தரும் சொற்களைப் பெயருக்குள் நுழைக்கக் கூடாது. 'பெரிய வெள்ளை' போல வெறும் வருணனையாக அமைவதும், 'உலகிலேயே சிறந்தது' போலச் செடியின் தகுதியை மிகைப்படுத்துவதும் ஏற்கப்படா. அல்லிக்கு 'ரோஜா' என்று பெயர் வைப்பது போல வேறொரு செடியோடு குழப்பும் பெயரையும் தவிர்க்க வேண்டும்.

தமிழ்ப் பெயர் வைத்தால் ஏற்றுக்கொள்வார்களா?

ஏற்றுக்கொள்வார்கள். ஆனால், பதிவேடுகள் ரோமன் எழுத்தில் இருப்பதால் உங்கள் பெயர் அந்த எழுத்துக்கு மாற்றப்பட்டே பதிவாகும். ழகரமும் நெடில்களும் ரோமன் எழுத்தில் பல விதமாக எழுதப்படுவதால், எந்த எழுத்துக்கோப்பு வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்து விண்ணப்பத்தில் எழுதுங்கள். 'யாழினி' என்ற பெயரை நான்கு பேர் நான்கு விதமாக எழுதக்கூடும். பதிவான எழுத்துக்கோப்பு ஒன்றே செல்லுபடியாகும். பெயரின் பொருளையும் ஒரு வரியில் தந்துவிட்டால் பதிவாளருக்கு உதவியாக இருக்கும்.

ஒலிபெயர்ப்புக்கும் மொழிபெயர்ப்புக்கும் விதித்தொகுப்பு வேறுபாடு காட்டுகிறது. எழுத்தை மட்டும் மாற்றினால் அது அதே பெயர். வெளிநாட்டு வியாபாரி ஒருவர் உங்கள் 'அந்திவானம்' என்ற பெயரைத் தம் மொழியில் பொருள்பட மாற்றி விற்றால், அது ரகப் பெயராகாது. விற்பனைப் பெயர் என்றே கருதப்படும்.

நான் நினைத்த பெயரை வேறொருவர் ஏற்கெனவே வைத்துவிட்டார். ஆனால் அவருடையது செம்பருத்தி, என்னுடையது ரோஜா. பரவாயில்லையா?

பரவாயில்லை. ஒரு பெயர் ஒரு முறைதான் வரலாம் என்ற விதி பெயர்த்தொகுதி ஒன்றுக்குள் மட்டுமே பொருந்தும். பெயர்த்தொகுதி என்பது பொதுவாக ஒரு பேரினம். ரோஜாப் பேரினத்தில் ஒரு 'மதுமிதா'வும் செம்பருத்திப் பேரினத்தில் இன்னொரு 'மதுமிதா'வும் இருக்கலாம். ஒரே பேரினத்துக்குள் எழுத்திலோ ஒலியிலோ மிக நெருங்கிய பெயர்களைக்கூட ஆணையம் திருப்பி அனுப்பிவிடும்.

நம் பக்கத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகங்களில் முல்லையிலும் 'கோ 1', 'கோ 2' இருக்கின்றன. பிச்சியிலும் 'கோ 1', 'கோ 2' இருக்கின்றன. கோ என்பது கோயம்புத்தூரைக் குறிக்கிறது. விவசாயிகள் 'கோ 1 முல்லை', 'கோ 1 பிச்சி' என்று சேர்த்தே சொல்வதால் இங்கே யாரும் குழம்புவதில்லை. ஆனால், இரண்டும் மல்லிகைப் பேரினத்தைச் சேர்ந்தவை ஆதலால், பேரினத்தை அலகாகக் கொள்ளும் பன்னாட்டுக் கணக்கில் அவை மோதிக்கொள்ளும். எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீடுகளைவிடச் சொல்லாக அமைந்த பெயரே நீடித்து நிற்கும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அதே பல்கலைக்கழகத்தின் 'பாரிமுல்லை' என்ற பெயரை ஒருமுறை கேட்டவர் மறப்பதில்லை.

விண்ணப்பத்தில் என்னென்ன எழுத வேண்டும்?

பெயர், அதன் பொருள் அல்லது தோற்றம், உருவாக்கியவர், பதிவு செய்பவர், பெற்றோர் ரகங்கள், விதைத்த அல்லது கண்டெடுத்த ஆண்டு, செடியின் விவரிப்பு, ஒளிப்படம் ஆகியவற்றைப் பெரும்பாலான ஆணையங்கள் கேட்கும். பெற்றோரைக் குறிக்கும்போது விதை தாங்கிய செடியை முதலிலும் மகரந்தம் தந்ததை இரண்டாவதாகவும் எழுதுவது மரபு. தேனீ செய்த கலப்பாக இருந்தால் மகரந்தம் தந்தது தெரியாது என்று நேர்மையாக எழுதிவிடலாம். ஊகத்தை எழுதினால் அது பிற்காலத்தில் வம்சாவளிப் பட்டியல்களில் உண்மைபோலப் பரவிவிடும்.

நிறத்தை எழுதுவதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். 'இளஞ்சிவப்பு' என்று ஒருவர் சொல்வது இன்னொருவர் கண்ணுக்கு வேறாக இருக்கும். கைபேசிப் படமும் நிறத்தை மாற்றிக் காட்டும். அதனால் ராயல் தோட்டக்கலைச் சங்கத்தின் நிற அட்டையில் எந்த எண்ணுக்கு இதழ் ஒத்துப்போகிறது என்று பார்த்து எழுதும் வழக்கம் உலகெங்கும் இருக்கிறது. அட்டையின் விலை அதிகம். வேளாண் கல்லூரியின் மலரியல் துறையிலோ பெரிய தாவரவியல் பூங்காவிலோ கேட்டால் பார்க்கத் தருவார்கள். நேரடி வெயிலில் அன்றி, வடக்கு நோக்கிய நிழல் வெளிச்சத்தில், புதிதாக விரிந்த பூவை வைத்துப் பாருங்கள். இதழின் உட்புறம், வெளிப்புறம், அடிப்பகுதி ஆகியவற்றைத் தனித்தனியே குறியுங்கள்.

ரகப் பெயரைச் சுற்றி ஒற்றை மேற்கோள் குறி போடுவது எதற்காக?

இது ரகப் பெயர் என்று காட்டத்தான். தாவரப் பெயர்களில் பேரினமும் சிற்றினமும் சாய்வெழுத்தில் வரும். ரகப் பெயர் நேரெழுத்தில், ஒற்றை மேற்கோளுக்குள் வரும். இந்திய வேளாண் அறிவியலாளர் பி. பி. பால் உருவாக்கிய 'டெல்லி பிரின்சஸ்' ரோஜாவை ரோசா 'டெல்லி பிரின்சஸ்' என்று எழுதுவது முறை. இரட்டை மேற்கோள் போடுவதும் ரகம் என்ற சொல்லை இடையில் சேர்ப்பதும் தவறு. விற்பனைப் பெயருக்கு இந்தக் குறி கிடையாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அடுத்த இரண்டு பதில்கள் எளிதாகும்.

ஒரே ரோஜாவுக்கு மூன்று நான்கு பெயர் இருக்கிறதே, எது உண்மையான பெயர்?

முதலில் முறைப்படி நிலைநிறுத்தப்பட்ட பெயரே ரகப் பெயர். மற்றவை விற்பனைப் பெயர்கள். பெரிய உதாரணம் 'பீஸ்' ரோஜா. பிரான்சின் பிரான்சிஸ் மெய்யான் உருவாக்கிய இந்த மஞ்சள் ரோஜாவுக்கு அவர் தம் தாயின் நினைவாக 'மதாம் ஆ. மெய்யான்' என்று பெயரிட்டார். இரண்டாம் உலகப் போர் நாடுகளைப் பிரித்திருந்த காலத்தில் ஜெர்மனியில் அது 'குளோரியா தேய்' என்றும் இத்தாலியில் 'ஜோயா' என்றும் பரவியது. 1945இல் அமெரிக்காவில் 'பீஸ்', அதாவது அமைதி, என்ற பெயரில் அறிமுகமானது. உலகம் அதை 'பீஸ்' என்றே அறியும். ஆனால் பதிவேடு உருவாக்கியவர் இட்ட பெயரையே முதன்மையாகக் கொள்கிறது.

இந்தச் சிக்கலைத் தவிர்க்கத்தான் இன்றைய ரோஜா நிறுவனங்கள் குறியீட்டுப் பெயரை ரகப் பெயராகப் பதிவு செய்கின்றன. ரோமன் எழுத்தில் எழுதும்போது முதல் மூன்று எழுத்துகள் நிறுவனத்தைக் காட்டும்: மெய்யான் நிறுவனத்துக்கு 'மெய்', டேவிட் ஆஸ்டினுக்கு 'ஆஸ்'. கிரகாம் தாமஸ் என்ற பெயரில் விற்கப்படும் ஆங்கில ரோஜாவின் ரகப் பெயர் 'ஆஸ்மாஸ்'. கேட்க அழகாக இல்லை என்பது உண்மை. எந்த நாட்டில் எந்தப் பெயரில் வாங்கினாலும் சீட்டில் 'ஆஸ்மாஸ்' இருந்தால் அதே செடி என்பது அதைவிடப் பெரிய வசதி.

பெயருக்குப் பக்கத்தில் வணிக முத்திரைக் குறி போட்டு விற்கிறார்களே, அதுவும் ரகப் பதிவுதானா?

இல்லை. வணிக முத்திரை பொருளின் விற்பனை அடையாளத்தைக் காக்கிறது, செடியைக் காப்பதில்லை. வில்லியம் ராட்லர் உருவாக்கிய சிவப்பு நிலத்தோட்ட ரோஜா அமெரிக்காவில் நாக் அவுட் என்ற வணிக முத்திரையோடு பெருமளவில் விற்கப்பட்டது. அதன் ரகப் பெயர் 'ராட்ராஸ்'. செடிக்கான காப்புரிமைக் காலம் முடிந்தபின் யாரும் அதைப் பெருக்கலாம், 'ராட்ராஸ்' என்று விற்கலாம். ஆனால் முத்திரையைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம் என்பதால் நாக் அவுட் என்ற சொல்லை அவர்கள் பயன்படுத்த முடியாது. வாங்குபவருக்கோ அந்தச் சொல் மட்டுமே தெரியும். வியாபாரத் தந்திரமாக இது கெட்டிக்காரத்தனம். பெயரிடல் ஒழுங்கின் பார்வையில் குழப்பத்துக்கு வித்து.

இந்தியச் சட்டம் இந்த இடத்தில் தெளிவாக இருக்கிறது: ரகத்துக்கு இடப்பட்ட பெயரை வணிக முத்திரையாகப் பதிவு செய்ய முடியாது.

பெயருள்ள அடினியத்திலிருந்து விதை எடுத்து முளைக்க வைத்தேன். கன்றுகளுக்குத் தாயின் பெயரையே எழுதி விற்கலாமா?

கூடாது. அடினியம், ரோஜா, செம்பருத்தி, தாமரை ஆகியவற்றின் பெயருள்ள ரகங்கள் ஒட்டு, போத்து, கிழங்கு போன்ற உறுப்புவழிப் பெருக்கத்தால் மட்டுமே மாறாமல் வருகின்றன. விதைக் கன்று ஒவ்வொன்றும் புதிய சேர்க்கை. பூ தாயைப் போலவே இருந்தாலும் அது அந்த ரகமன்று. இன்ன ரகத்தின் விதைக் கன்று என்று எழுதி விற்பதில் தவறில்லை. அது வாங்குபவருக்கு உண்மையைச் சொல்கிறது.

விதையிலேயே மாறாமல் வரும் ரகங்களும் உண்டு. செண்டுமல்லி, பெட்டூனியா போன்ற பருவச் செடிகளில் அவை ஏராளம். எதிர்த் துருவத்தில் டெல்லி கனகாம்பரம் இருக்கிறது. மூன்று தொகுதிக் குரோமோசோம்கள் கொண்ட அந்தச் செடி விதையே பிடிப்பதில்லை. போத்து வழியாகவே ஊர் ஊராகப் பரவியது. ஆகவே, டெல்லி கனகாம்பர விதை என்று யாரேனும் பொட்டலம் விற்றால் வாங்க வேண்டாம்.

ஆர்க்கிட்டில் பெயர் வேறு மாதிரி இருக்கிறதே, மேற்கோள் குறியே இல்லாமல்?

ஆர்க்கிட்டில் கிரெக்ஸ் என்ற தனி அடுக்கு உண்டு. இரண்டு குறிப்பிட்ட பெற்றோரின் கலப்பில் பிறந்த எல்லாச் செடிகளுக்கும், யார் எப்போது அந்தக் கலப்பைச் செய்தாலும், ஒரே கிரெக்ஸ் பெயர்தான். அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு தனிச் செடியைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கும்போது அதற்கு மேற்கோளுக்குள் ரகப் பெயர் சேர்கிறது. சிங்கப்பூரின் தேசிய மலர் இதை நன்கு விளக்கும். ஆக்னஸ் ஜோக்கிம் தோட்டத்தில் 1893இல் அறியப்பட்ட கலப்பினத்தின் கிரெக்ஸ் பெயர் மிஸ் ஜோக்கிம். தேசிய மலராக 1981இல் தேர்வான அந்த மூலச் செடியின் ரகப் பெயர் 'ஆக்னஸ்'. அதே பெற்றோரை இன்று கலந்து நூறு கன்று எடுத்தாலும் அவை மிஸ் ஜோக்கிம் ஆகும், 'ஆக்னஸ்' ஆகா.

கலப்பினப் பட்டியலைச் சாண்டர் குடும்பத்தார் 1906 முதல் தொகுத்துவந்தனர். 1961 முதல் ராயல் தோட்டக்கலைச் சங்கம் அந்தப் பதிவை நடத்துகிறது. நீங்கள் செய்த கலப்பை வேறொருவர் முன்பே பதிவு செய்திருந்தால், புதிய கிரெக்ஸ் பெயர் கிடைக்காது. தேடிப் பார்த்தபின் விண்ணப்பியுங்கள்.

செடியின் மீது சட்ட உரிமை வேண்டும் என்றால் இந்தியாவில் என்ன செய்ய வேண்டும்?

தாவர ரகங்கள் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டம் 2001இல் இயற்றப்பட்டது; அதற்கான ஆணையம் 2005 நவம்பரில் புது டெல்லியில் அமைந்தது. முதல் பதிலில் சொன்ன வேறுபாடு, சீர்மை, நிலைத்தன்மை ஆகிய மூன்றையும் இங்கே வயலில் நட்டுச் சோதிக்கிறார்கள். பொதுவாக இரண்டு பருவங்கள் ஆகும். விண்ணப்பம் ஏற்கப்பட்டு விளம்பரப்படுத்தப்பட்டபின், ஆட்சேபம் இருப்பவர்கள் மூன்று மாதத்துக்குள் தெரிவிக்கலாம். உரிமைக் காலம் மரங்களுக்கும் கொடிகளுக்கும் 18 ஆண்டுகள் வரை, மற்றப் பயிர்களுக்கு 15 ஆண்டுகள் வரை. அரசிதழில் அறிவிக்கப்பட்ட பேரினங்களுக்கும் சிற்றினங்களுக்கும் மட்டுமே விண்ணப்பிக்க முடியும். ரோஜா, செவ்வந்தி, காகிதப்பூ, சில ஆர்க்கிட் பேரினங்கள் அவற்றுள் அடங்கும்.

பெயர் பற்றியும் இந்தச் சட்டத்துக்குத் தனி விதிகள் உண்டு. வெறும் எண்களால் ஆன பெயர், மக்களை ஏமாற்றும் பெயர், மத உணர்வைப் புண்படுத்தும் பெயர், சின்னங்களையும் பெயர்களையும் முறையின்றிப் பயன்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் விலக்கிய பெயர் ஆகியவை மறுக்கப்படலாம். ஊர்ப்பெயரை முழுமையாகவோ பகுதியாகவோ கொண்ட பெயரும் மறுக்கப்படலாம். நேர்மையான பயன்பாடு என்று பதிவாளர் கருதினால் அனுமதிக்கலாம்.

இரண்டு ஆண்டுகளாக விற்றுக்கொண்டிருக்கிறேன். இப்போது அந்த உரிமைக்கு விண்ணப்பிக்கலாமா?

புதிய ரகம் என்ற பிரிவில் முடியாது. விண்ணப்பத் தேதிக்கு முன் இந்தியாவில் ஓர் ஆண்டுக்கு மேல் விற்கப்பட்டிருந்தால் புதுமை போய்விடும். வெளிநாட்டு விற்பனைக்கு வரம்பு நான்கு ஆண்டுகள். மரம், கொடிகளுக்கு ஆறு. 'முதலில் சந்தையில் எப்படிப் போகிறது என்று பார்க்கலாம்' என்று காத்திருந்து உரிமையை இழந்தவர்கள் பலர். விவசாயி தம் வயலில் உருவாக்கிய ரகத்துக்கு இந்தப் புதுமை நிபந்தனை இல்லை. விவசாயிகளுக்குக் கட்டண விலக்கும் உண்டு. எனவே நீங்கள் எந்தப் பிரிவில் வருகிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள். பெயர்ப் பதிவுக்கோ கால வரம்பே இல்லை.

பாதுகாக்கப்பட்ட ரோஜாவை வாங்கினேன். அதிலிருந்து போத்து எடுக்கலாமா? கலப்புக்குப் பயன்படுத்தலாமா?

போத்து வைத்து வளர்த்து விற்பது, அனுமதி இல்லாமல் செய்தால், உரிமை மீறல். இந்தியச் சட்டத்தில் விதை என்பது முளைக்கவல்ல எந்த இனப்பெருக்கப் பொருளையும் குறிக்கும். ஆகவே போத்தும் ஒட்டுக்குச்சியும் அதில் அடங்கும். விவசாயிக்கு மட்டும் விதிவிலக்கு: தம் விளைச்சலையும் விதையையும் சேமிக்க, மீண்டும் பயிரிட, பரிமாற, விற்கச் சட்டம் அனுமதிக்கிறது, முத்திரைப் பெயரிட்டுப் பொட்டலமாக விற்க மட்டும் அனுமதிக்கவில்லை.

ஆய்வுக்கும் புதிய ரகம் உருவாக்கும் கலப்புக்கும் பயன்படுத்தலாம். வணிக உற்பத்திக்கு அதே செடியைப் பெற்றோராகத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால்தான் அனுமதி தேவை. இரண்டாம் கேள்வியில் சொன்ன மொட்டுத் திரிபு, பாதுகாக்கப்பட்ட செடியில் தோன்றினால் நிலைமை சற்றுச் சிக்கலாகும். ஒரு பண்பில் மட்டும் மாறிய அத்தகைய திரிபை, மூல ரகத்திலிருந்து பெரும்பாலும் பெறப்பட்ட ரகம் என்று சட்டம் கருதக்கூடும். அப்போது மூல ரகத்தாரின் ஒப்புதலும் உடன்பாடும் வேண்டும். கண்டெடுத்தவர் நீங்கள் என்பது மட்டும் போதாது.

மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறதே, அது ரகப் பதிவாகாதா?

ஆகாது. 2013இல் கிடைத்த புவிசார் குறியீடு, அந்த வட்டாரத்தில் விளையும் பூவின் பெயரைக் காக்கிறது. செடியை எடுத்துப்போய் வேறு மாவட்டத்தில் நட்டால் செடி அதேதான். பூவை மதுரை மல்லி என்று விற்க முடியாது. ரகப் பெயரில் இது நேர்மாறு: எந்த மண்ணில் நட்டாலும் பெயர் செடியோடு போகும்.

பழைய வீட்டுத் தோட்டத்தில் பெயர் தெரியாத ரோஜா ஒன்று இருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை. நான் பெயர் வைத்துப் பதிவு செய்யலாமா?

பொறுத்திருங்கள். பெயர் தெரியாத செடி பெயரில்லாத செடி ஆகாது. பெரும்பாலும் அதற்கு எங்கோ ஒரு பெயர் இருக்கிறது. தமிழ்நாட்டில் மாலைக்கும் பன்னீருக்கும் பயிராகும் எட்வர்டு ரோஜாவை நாம் உள்ளூர்ச் செடி என்றே நினைத்துவந்தோம். ரேயூனியன் தீவில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றிய 'ரோஸ் எதுவார்' என்ற பூர்போன் ரோஜாவோடு அதை முன்னர்க் குறிப்பிட்ட வீரராகவன் இணைத்துக் காட்டியிருக்கிறார்.

பழைய ரோஜா ஆர்வலர்கள் கண்டெடுத்த செடிக்கு, அடையாளம் தெரியும்வரை, இடத்தையோ வீட்டையோ சுட்டும் ஆய்வுப் பெயர் ஒன்றை இரட்டை மேற்கோளுக்குள் வைத்துப் புழங்குகிறார்கள். ஒற்றை மேற்கோள் போடாததால் அது ரகப் பெயர் அன்று என்பது பார்ப்பவர்க்குத் தெரிந்துவிடும். நீங்களும் அவ்வாறே செய்யலாம்.

நான் பதிவு செய்த செடி பட்டுப்போய்விட்டது. அதே பெயரைப் புதிய கன்றுக்கு வைத்துக்கொள்ளலாமா?

பொதுவாக முடியாது. உங்களிடம் இருந்தது பட்டுப்போனாலும், நீங்கள் போத்து கொடுத்த ஒருவரிடம் அது இன்னும் உயிரோடு இருக்கலாம். அதைப் பெற்றோராகக் கொண்டு பிறந்த வேறு ரகங்களின் பதிவில் அந்தப் பெயர் இருக்கலாம். மூலச் செடி எங்கும் இல்லை, அது கலப்பில் பெற்றோராகவும் பயன்படவில்லை, பெயரை மீண்டும் வழங்கினால் யாரும் குழம்ப மாட்டார்கள் என்று ஆணையம் தெளிந்தால் மட்டுமே விதிவிலக்காக அனுமதி தரும். விண்ணப்பத்தோடு நீங்கள் யார் யாருக்குச் செடி கொடுத்தீர்கள் என்ற பட்டியலையும் அனுப்பினால் முடிவு விரைவாக வரும். அனுமதி கிடைக்காவிட்டால் வேறு பெயர் தேடுவதைத் தவிர வழியில்லை.